சுவை மறையும் நாள்

நேற்றுவரை நாவுக்கு அமுதமாய் இருந்த ஒரு பொருள், அதே இடத்திலிருந்து, அதே பக்குவத்தில் இன்று நம் கைக்கு வந்து சேர்ந்தும் சப்பென்று போய்விடுகிறதே, அதற்குக் காரணம் பொருளா, நாவா, நாளா என்று கேட்டால், இது சாப்பாட்டு விஷயம், இதற்கு விசாரம் எதற்கு என்று ஒதுக்கிவிடுவோர் பலர். அனுபவம் என்பது எங்கே நிகழ்கிறது, அனுபவிக்கின்றவனுக்கும் அனுபவிக்கப்படும் பொருளுக்கும் நடுவே நிற்பது யாது என்று நம் சாஸ்திரங்கள் நூற்றாண்டுக் கணக்கில் ஆராய்ந்துவந்த பெருவினாவுக்குள் நுழைய இதைவிட எளிய வாயில் கிடையாது என்பது என் எண்ணம். பினாங்கில் வாழ்கின்றவர்களுக்கு இந்த வாயில் ஆண்டுதோறும் டுரியான் பருவத்தில் தானே திறக்கிறது. அங்கே போவதற்கு முன், இதே வினாவை வேறொரு பொருளை முன்னிட்டு வெகு சிரத்தையாகக் கேட்டுவரும் ஐரோப்பியரைச் சற்றுக் கவனித்துவிட்டுப் போவது நல்லது.

அவர்களுடைய பொருள் ஒயின். திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கென்றே ஒதுக்கிவைத்த மரபில் வந்தவர்களாகிய நமக்கு அப்பானத்தில் நாட்டமில்லாமற் போகலாம். அதைப் போற்றுகின்றவர்கள் எழுப்பும் ஐயமோ எல்லோருக்கும் உரியது. நல்ல தோட்டத்தில், நல்ல ஆண்டில் விளைந்த திராட்சையிலிருந்து வடித்து, முறைப்படி பாதுகாத்த ஒயின், சில நாட்களில் மணமும் குணமும் ஒடுங்கி வாய் திறவாது கிடக்கிறது என்று அவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். இதற்குச் சந்திரனைக் காரணம் காட்டுகிற ஒரு கட்சியும் அவர்களுக்குள் உண்டு. 1924இல் ருடால்ஃப் ஸ்டெய்னர் கோபர்விட்ஸ் என்னும் ஊரில் நிகழ்த்திய விவசாயச் சொற்பொழிவுகளிலிருந்து கிளைத்த நெறி அது. அந்நெறியில் நின்ற ஜெர்மானிய மாதரசியாகிய மரியா தூன், விதைப்புக்கென்று வெளியிட்டுவந்த நாட்காட்டியில், சந்திரன் நில ராசிகளில் சஞ்சரிக்கும் நாட்களை வேர் நாள் என்றும், நீர் ராசிகளில் இலை நாள் என்றும், காற்று ராசிகளில் மலர் நாள் என்றும், நெருப்பு ராசிகளில் கனி நாள் என்றும் வகுத்தார். கனி நாளிலும் மலர் நாளிலும் ஒயின் மலர்ந்து சுவைக்கும், வேர் நாளிலும் இலை நாளிலும் சுருங்கிக்கொள்ளும் என்பது பின்வந்தோர் கொண்ட நம்பிக்கை. சந்திரன் ஒரு ராசியைக் கடக்க இரண்டேகால் நாள் ஆகும் என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும், ராகு காலம் பார்த்துக் கடை திறக்கும் பினாங்குத் தெரு வணிகர்களுக்கும் இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது.

தோன்றாது என்பதற்காக ஏற்றுக்கொண்டுவிடவும் கூடாது. நியூசிலாந்தில் ஆராய்ச்சியாளர் சிலர் பினோ நுவார் வகை ஒயின்கள் 12ஐ எடுத்து, அத்தொழிலிலேயே பழுத்த 19 பேரிடம், இன்னது என்று காட்டாமல், கனி நாளிலும் வேர் நாளிலும் சுவைக்கக் கொடுத்து, 2017இல் முடிவை வெளியிட்டனர். ஒயினுக்கு ஒயின் வேற்றுமையைச் சுவைத்தவர்கள் கண்டார்கள். கனி நாளுக்கும் வேர் நாளுக்கும் வேற்றுமை புலப்படவில்லை. ஒரு சோதனை கொண்டு வானத்தின் வாயை அடைத்துவிட முடியாதுதான். ஆயினும், நாளின் பெயரை அறியாத நாவுக்கு நாள் தெரியவில்லை என்பது அலட்சியப்படுத்தத் தக்க செய்தியன்று. குற்றத்தை ராசியின் தலையில் ஏற்றிவிட்டு நாம் எழுந்து போய்விட இயலாது என்பதை அது உணர்த்துகிறது.

இனி நம் பழத்துக்கு வருவோம். பினாங்குத் தீவின் முதுகுப்புறத்தில், மலைத்தொடருக்கு அப்பால் கிடக்கும் பாலிக் பூலாவ் சரிவுகளில், மே மாதக் கடைசியிலிருந்து ஜூலைவரை, மரத்தடியில் கட்டிய வலைகளில் இரவும் விடியலும் டுரியான் விழுந்தவண்ணம் இருக்கும். பினாங்குக்காரன் பறித்த பழத்தை மதிப்பதில்லை. தானாக விழுந்து, விழுந்த சில மணி நேரத்துக்குள் பிளக்கப்பட்ட பழமே அவனுக்குப் பழம். ஆங் ஹே, ஹோர் லோர், குன் போ, கருமுள் என்று அவன் வகைகளைப் பேர் சொல்லிக் கேட்கிறான். கடைக்காரராகிய தவுக்கே பழத்தைக் காம்பைப் பிடித்துத் தூக்கி, காம்படியில் மூக்கை வைத்து முகர்ந்து, காதருகே குலுக்கி, கத்தி முதுகால் தட்டிப் பார்த்து, அடிப்புறத்தில் ஐந்து கோடுகளும் கூடுகிற இடத்தில் கத்தி நுனியைச் செருகி ஒரு திருகுத் திருகினால், ஓடு அறை அறையாகப் பிளந்து நிற்கும். இளஞ்சுளையை முதலிலும் கசப்பேறிய முதுமரத்துப் பழத்தைக் கடைசியிலும் தின்ன வேண்டும் என்பது ஒழுங்கு; முறை மாறினால் பின்வரும் பழம் எவ்வளவு நல்லதாயினும் வெறும் மாவாகத் தோன்றும். மழை பெய்தால் மரம் நீரை இழுத்துக்கொள்ளும், சுளையில் நீர் ஏறும், மணம் நீர்த்துப்போகும். ஆகவேதான், விலை கேட்பதற்கு முன் மலைமேல் மழையா என்று கேட்பவர்கள் இங்கே மிகுதி. முசாங் கிங் என்னும் டுரியான் வகையின் மரபணுத் தொகுதியைச் சிங்கப்பூர் விஞ்ஞானிகள் வெளியிட்டதும், மேற்சொன்ன ஒயின் சோதனை வெளிவந்த அதே 2017இல்தான். பழம் கனியும்போது கந்தகச் சேர்மங்களைப் பெருக்கும் மரபணுக்கள் டுரியானில் படி மேல் படியாக மிகுந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். அந்த மணம் விழுந்த கணத்திலிருந்து மணிக்கு மணி மாறிக்கொண்டே போவது. இவ்வாறு, பழத்தின் பக்கத்திலிருந்தே சுவை குன்றுவதற்கு மெய்யான காரணங்கள் பல உள்ளன. அவற்றையெல்லாம் மனத்தின் மாயம் என்று சொல்லிவிடுகிற தத்துவத்தில் எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் பழம் குற்றமற்றதாயிருந்தும் சுவை மறையும் நாள் ஒன்று உண்டு. என் நண்பர் ஒருவர், இளமை முழுவதும் பருவந்தோறும் தம் தந்தையார் தம்மை மோட்டார் சைக்கிளின் பின்னே ஏற்றிக்கொண்டு மலைப்பாதை வளைவுகளைக் கடந்து ஆங் ஹே தின்னக் கூட்டிப்போனதை எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தத் தந்தையாருக்குத் தலைத்திவசம் முடிந்த மறுநாள், கோலாலம்பூருக்குத் திரும்புமுன் அதே சரிவுக்குப் போக வேண்டும் என்றார், உடன் போனேன். பிளந்த பழத்தின் சுளை செம்மஞ்சளாய், சுருக்கம் விழுந்த தோலுடன், விரலில் ஒட்டிக்கொள்ளும் பதத்தில் இருந்தது. ஒரு சுளையைத் தின்று கொட்டையை ஓட்டில் வைத்துவிட்டு, “என்னப்பா, தண்ணி ஏறின மாதிரி இருக்கே?” என்றார். தவுக்கே, மழை பெய்து ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று என்று மலாயில் சொல்லி, வழக்கப்படி வேறொரு பழத்தைக் காசு வாங்காமல் பிளந்து கொடுத்தார். அதுவும் அவருக்கு அப்படியே இருந்தது. முதற்பழத்தின் மறுசுளையை நான் தின்றுகொண்டிருந்தேன். அந்தப் பருவத்தில் அதைவிடச் சிறந்த பழம் எனக்கு வாய்க்கவில்லை. ஒரே பழம், ஒரே நாழிகை, ஒரே நிழல், இரண்டு வாய்கள். இதில் பழத்தையும் குறை சொல்ல முடியாது, சந்திரனையும் சொல்ல முடியாது.

இந்த நிலையை நாவைக் குறித்தன்றி நாடகத்தைக் குறித்து அணு அணுவாக ஆராய்ந்தவர், 10ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் காஷ்மீரத்தில் விளங்கிய அபிநவகுப்தர். பரதரின் நாட்டிய சாஸ்திரமே, பல வியஞ்சனங்கள் சேர்ந்த அன்னத்தைச் சுவைப்பதை உவமையாக்கித்தான் ரசத்தை விளக்கத் தொடங்குகிறது. அதற்கு அபிநவகுப்தர் எழுதிய உரையாகிய அபிநவபாரதியில், ரசம் பிறவாதபடி தடுக்கும் விக்கினங்கள் ஏழு எண்ணப்பட்டிருக்கின்றன. காட்சி நம்பத் தகாததாயிருத்தல், காட்டும் சாதனம் குறைபட்டிருத்தல், தெளிவின்மை என்று அவற்றுட் சில மேடையின் பக்கத்தில் நிற்பன. பார்ப்பவன் தன் சொந்த சுக துக்கங்களால் வசப்பட்டுக் கிடத்தல் என்பது அவற்றுள் ஒன்று. அது முழுக்க முழுக்கப் பார்ப்பவனுடையது. தன் துக்கத்தில் ஆழ்ந்திருப்பவன் பிற பொருளில் சித்தத்தை நிறுத்துவது எங்ஙனம் என்று வினவி, அந்தத் தடையை நீக்கவே கீதமும் வாத்தியமும் அலங்கரித்த அரங்கும் வேண்டப்படுகின்றன என்கிறார். என் நண்பர் அன்று டுரியானின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய சித்தமோ தந்தையின் முதுகைப் பிடித்துக்கொண்டு அந்த வளைவுகளிலேயே போய்க்கொண்டிருந்தது.

இங்கே ஒரு நுட்பத்தை விட்டுவிடக் கூடாது. அவர் “எனக்குத் துக்கமாயிருக்கிறது, ஆகவே சுவைக்கவில்லை” என்று சொல்லவில்லை. பழத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்றே சொன்னார். அவ்வாறே மெய்யாகக் கண்டார். பித்தம் மிகுந்தவனுக்கு வெல்லம் கசக்கும் என்னும் பழைய உதாரணத்தை மீமாம்சகர் எடுத்து வாதிட்டதும் இந்த இடத்தில்தான். அவர்களுள் பிரபாகரருடைய கட்சியின்படி, அவன் அறிந்த கசப்பு பொய்யன்று. அது பித்தத்தின் கசப்பு. வெல்லத்தின் இனிப்பு அவனுக்குத் தோன்றவில்லை. கசப்பு பித்தத்தினுடையது என்ற பேதமும் தோன்றவில்லை. தோன்றாமையாகிய அந்த இரட்டை இடுக்கில் புகுந்து, வெல்லமே கசக்கிறது என்னும் வழக்கு எழுகிறது.

ஒயின் உலகமும் இதற்கு நேரான ஒன்றைத் தன் வழியில் கண்டிருக்கிறது. புட்டியை அடைக்கும் தக்கையில் பூசணம் பற்றி விளையும் டிரைகுளோரோஅனிசோல் என்னும் சேர்மம், ஒரு லிட்டரில் சில நானோகிராம் அளவு கலந்தாலே ஒயினின் மணத்தைக் கெடுத்துவிடும். அளவு மிகுந்தால் ஈரத் துணியும் நிலவறையும் கலந்தாற்போன்ற நாற்றமாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். சுவைப்பவர் உடனே புட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார். அளவு மிகச் சிறிதாயின் நாற்றம் ஒன்றும் இராது, ஒயின்தான் களையிழந்து நிற்கும். அச்சேர்மம் தன் நாற்றத்தைத் தருவதோடு நில்லாமல், மூக்கின் மண உணர் செல்களுக்குள் செய்தி எழும் வழியையே அடக்கிவிடுகிறது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2013இல் கண்டறிந்தனர். கெடுத்தது மறைந்திருக்கிறது, கெட்டது ஒயின் என்று தீர்ப்பாகிறது.

இதைப் படித்தபோது சைவ சித்தாந்த ஆசாரியராகிய உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தைப் பற்றிச் சொன்ன பேதம் எனக்கு நினைவுக்கு வந்தது. புற இருள் எல்லாப் பொருளையும் மறைக்கும், ஆனால் இருள் என்னும் தன் உருவத்தையாவது காட்டும். ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்பது அவர் கண்ட உண்மை. 14ஆம் நூற்றாண்டில் தில்லையில் இருந்து எழுதிய அந்தப் பெரியார், மனிதனுடைய அறியாமையில் மிகக் கொடிய கூறு எதுவென்று இவ்வாறு சுட்டிக்காட்டினார். அறியாமை தன்னை அறியாமையாக அறிவித்துக்கொண்டு வந்தால், விளக்கேற்றத் தோன்றும். அது பழத்தின் குறையாகவும், அயலானின் குறையாகவும், நாளின் குறையாகவும் வேடம் புனைந்து வருகிறது.

சைவ சித்தாந்தம் வகுத்த முப்பத்தாறு தத்துவங்களை மாணாக்கர் பலர் மனப்பாடத்துக்குரிய பட்டியலாகவே கற்று விட்டுவிடுகிறார்கள். அவற்றை ஒரு சுளைப் பழத்தின் முன்னே வைத்துப் பார்த்தால் எவ்வளவு கருத்தோடு அமைக்கப்பட்டவை என்பது விளங்கும். நாவும் சுவைத் தன்மாத்திரையும் மனமும் புத்தியும் ஆன்ம தத்துவங்கள் இருபத்துநான்கில் அடங்கிவிடுகின்றன. அவற்றோடு சுவையின் கணக்கு முடிந்ததென்றால், நாவும் பழமும் கூடிய போதெல்லாம் சுவை தவறாமல் பிறக்க வேண்டும். பிறக்கவில்லை என்பதை அனுபவம் காட்டுகிறது. ஆகவே அவற்றுக்கு மேலே, உயிரை ஒட்டியே நிற்கும் கஞ்சுகங்கள் ஐந்தை ஆசாரியர்கள் கூறினர். கலை, ஆணவத்தைச் சிறிது விலக்கி உயிரின் செயலாற்றலை எழுப்பும். வித்தை அறிவாற்றலை எழுப்பும். அராகம் இச்சையைப் பொருளின்பால் செலுத்தும். காலம் அந்த அனுபவத்துக்கு இறப்பு நிகழ்வு எதிர்வு என்ற எல்லையிடும். நியதி, அவரவர் வினைப்பயன் அவரவரையே சேருமாறு நிறுத்தும். பழம் முன்னிருக்க, நா நலமாயிருக்க, அராகம் எழாத ஒரு நாள் நிச்சயமாக வரக்கூடும் என்பதற்கு இந்த அமைப்பில் இடம் இருக்கிறது. பசித்தவனுக்கு எதுவும் ருசிக்கும் என்று உலகம் சொல்லும் உண்மையும் இதனுள் அடங்கும். தைப்பூசத்தன்று காவடியின் பின்னே வெயிலில் நடந்து, பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலின் ஐந்நூறு சொச்சம் படிகளையும் ஏறி இறங்கியவர், கீழே பந்தலில் ஒரு குவளை நீர்மோரை வாங்கிக் குடிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, அராகம் எழுந்து நிற்பது எப்படியென்று சாஸ்திரம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் சுவை முழுவதும் சுவைப்பவனுடையதுதானா, நல்ல பழம் கெட்ட பழம் என்று ஒன்றுமில்லையா என்று சிலர் கேட்கலாம். இந்த முடிவுக்குச் சித்தாந்தம் இணங்காது, நானும் இணங்கவில்லை. உலகம் உள்பொருள் என்பதும், மாயையின் காரியமாகிய பழத்தில் சுவை மெய்யாகவே இருக்கிறது என்பதும் மெய்கண்டார் வழியினரின் உறுதியான கொள்கை. தருக்க நூலாரும் ரசத்தை நிலத்துக்கும் நீருக்கும் உரிய குணமாகவே வைத்து, நிலத்தில் அறுசுவையும் நீரில் இனிப்பு மட்டுமே என்று வரையறுத்தனர். நண்பரின் நாவுக்கு எட்டாத அந்நாளிலும் ஆங் ஹே தன் சிறப்போடுதான் இருந்தது. அதற்கு நானே சாட்சி. சுவையைச் சுவைப்பவனுக்குள் முழுவதும் அடக்கிவிட்டால், அவன் இழந்தது ஒன்றுமில்லை என்றாகிவிடும்; அவனோ மெய்யாகவே இழந்தான்.

கோயிலுக்குப் போகின்றவர்கள் இந்த இழப்பை நாவில் அறிவதைவிட நெஞ்சில் நன்கு அறிவார்கள். 1833 முதல் பினாங்கின் குயின் தெருவில் நிற்கும் மகா மாரியம்மன் கோயிலில், வெள்ளிக்கிழமை மாலை அதே தீபாராதனையின் முன், அதே தேவாரம் காதில் விழ, ஒரு வாரம் கண்ணீர் பெருகுகிறது. மறுவாரம் நெஞ்சு கட்டையாய்க் கிடக்கிறது. அம்பிகை அவ்வாரம் அங்கே இல்லை என்று சொல்லப் பக்தன் துணியமாட்டான். தன் பக்தி பொய்யோ என்றே அஞ்சுவான். மாணிக்கவாசகரே தம்மைக் கைவிட்டுவிடலாகாது என்று நீத்தல் விண்ணப்பத்தில் ஐம்பது பாடல்கள் இறைஞ்சியிருக்கிறார் என்பதை அத்தகையவர் மனங்கொள்ள வேண்டும்.

அபிநவகுப்தருக்கும் சித்தாந்திகளுக்கும் வழி பிரிகிற இடம் இதுவே. அபிநவகுப்தர்க்கு ரசானுபவம் என்பது, தடைகள் நீங்கியபோது சித்தம் தன் ஆனந்தத்தைத் தானே சுவைத்து நிற்றல். சுவைக்கப்படுவது இறுதியில் சுவைப்பவனின் சொரூபமே. மிக உயர்ந்த கொள்கை அது. கலையைப் பற்றி நம் மரபில் அதனினும் ஆழமாகச் சொல்லப்பட்டது குறைவு. ஆயினும் சுவை மறைந்த நாளை எண்ணும்போது என் புத்தி சித்தாந்திகளின் பக்கமே சாய்கிறது. ஆனந்தம் என் சொரூபமானால், அதை நான் வேண்டும்போது ஏன் அழைத்துக்கொள்ள முடியவில்லை? தடை இருக்கிறது என்று விடை வரும். தடையை நீக்குவதாவது என் வசத்தில் இருக்கிறதா? நண்பர் அன்று இன்னும் ஒரு சுளையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, வேண்டுமென்றே மெதுவாகத் தின்றார், வரவில்லை. சுவையை யாரும் தமக்குத் தாமே ஆணையிட்டு வருவித்துக்கொண்டதில்லை.

கண் காணவேண்டுமாயின் உயிர் அதனோடு கூடிநின்று காட்டவும் வேண்டும், தானும் உடன்கண்டு நிற்கவும் வேண்டும். அவ்வாறே உயிர் அறியவேண்டுமாயின் இறைவன் காட்டியும் உடன்கண்டும் உபகரிக்க வேண்டும் என்று சிவஞானபோதம் உணர்த்தும் முறை, சுவைக்கும் பொருந்தும் என்று கொள்கிறேன். காட்டப்பட்டாலன்றி உயிருக்கு எதுவும் விளங்காது. சார்ந்ததன் வண்ணமாவது உயிரின் இயல்பாதலால், துக்கத்தைச் சார்ந்த நாளில் அது துக்கமாகவே நிற்கிறது. பழத்தைச் சார்ந்து பழத்தின் வண்ணமாக அதனால் இயலவில்லை. படைத்தல், காத்தல், அழித்தல் என்ற மூன்றோடு நில்லாமல், மறைத்தலையும் அருளலையும் சேர்த்து இறைவனுடைய தொழில்கள் ஐந்தென்று எண்ணிய நம் முன்னோர், மறைத்தலாகிய திரோதானத்தையும் அருளின் வகையாகவே வைத்தார்கள். நீர் ஏறிய டுரியானுக்கும் பூசணம் பிடித்த தக்கைக்கும் இந்தப் பெரிய பெயரைச் சூட்டுவது தகாது. அவற்றின் காரணம் மழையும் பூசணமுமே. என் நண்பருக்கு அன்று நேர்ந்ததற்கோ, இதைவிடப் பொருந்திய பெயர் எனக்குத் தெரியவில்லை. தந்தை இறந்து ஓராண்டு கழிந்தும் அழாதவர், ஈமச் சடங்குகளையெல்லாம் கணக்குப் பிசகாமல் செய்து முடித்தவர், பழத்தில் குறை சொல்லிக்கொண்டே வந்து, திரும்பும் வழியில், ஆயர் ஈத்தாம் தாண்டுவதற்குள், வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.